கடைசி ஐம்பது மீட்டர்: சிறு நிறுவனங்களின் ஃபைபர் இணைப்பு தேறுமா?

ஃபைபர் இணைப்பு வாங்கப் போனால் வாயில் முதலில் வருவது "எத்தனை எம்பிபிஎஸ்?" என்ற கேள்விதான். சிறு நிறுவனத்திடம் அது மட்டும் போதாது. ஒரே தெரு, ஒரே பிளான், அடுத்தடுத்த இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு ஒளி மைனஸ் 19 டிபிஎம் அளவில் வருகிறது, பக்கத்து வீட்டுக்கு மைனஸ் 26.5. டிபிஎம் என்பது ஒளியின் பலத்தை அளக்கும் அலகு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்குகிறது என்று பொருள். முதல் நாள் ஸ்பீட் டெஸ்ட்டில் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். கேபிள் கொஞ்சம் அசைந்தாலோ, இணைப்பில் ஈரம் ஏறினாலோ இரண்டாம் வீட்டில் மட்டும் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கும். பிளானில் எந்தக் குறையும் இல்லை. கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரையிலான கடைசி ஐம்பது மீட்டரை யார் இழுத்தார், எப்படி இணைத்தார் என்பதில்தான் வித்தியாசம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சிறு நிறுவன ஃபைபர் வாங்கலாம். ஆனால் வாங்குவது பிளானை அல்ல, அந்த இன்ஸ்டாலேஷனை என்று நினைத்து வாங்க வேண்டும்.

கிடைக்கும் என்றால் என்ன கிடைக்கும்?

"உங்கள் பகுதியில் சேவை உண்டு" என்ற பதிலுக்குக் குறைந்தது மூன்று பொருள் உண்டு. தெருவில் ஃபைபர் ஓடுகிறது என்பது ஒன்று. ஒரு ஃபைபரின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டி உங்கள் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது இன்னொன்று. அந்தப் பெட்டியில் காலியான போர்ட் இருக்கிறது என்பது மூன்றாவது. இணைப்பு கிடைப்பது மூன்றாவதில் மட்டும்தான். ஒன்றுக்கு எட்டு ஸ்ப்ளிட்டரில் எட்டும் நிரம்பிவிட்டால், பணம் கட்டிய பிறகும் "இரண்டு நாள் பொறுங்கள்" என்ற பதில் வாரக்கணக்கில் நீளும். ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: "பெட்டி எங்கே இருக்கிறது, அதில் போர்ட் காலியா?" சொந்தமாக நெட்வொர்க் வைத்திருப்பவர் இதற்கு அங்கேயே பதில் சொல்வார். வேறொருவரின் நெட்வொர்க்கை வாங்கி விற்பவர் "கேட்டுச் சொல்கிறேன்" என்பார். அந்தப் பதிலிலேயே பழுது வந்தால் எத்தனை கை மாறி ஆள் வருவார் என்பதும் தெரிந்துவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு தடை உண்டு. மேலே செல்லும் குழாயில் இடம் வேண்டும், கட்டட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் கேபிளை வெளிச்சுவர் வழியே தொங்கவிட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. அடுத்த முறை பெயின்ட் அடிக்க வருபவர் அதை அறுத்துவிட்டுப் போவார்.

ஃபைபர் என்ற பெயரில் வருவதெல்லாம் வீடு வரை ஃபைபரும் அல்ல. படிக்கட்டுப் பக்கம் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சை மாட்டி, அதுவரை ஃபைபர் கொண்டுவந்து, அங்கிருந்து ஈதர்நெட் கேபிளை வீட்டுக்குள் விடுவது பழைய வழக்கம். கண்டுபிடிப்பது எளிது. வீட்டுக்குள் வரும் வயரின் நுனியில் பச்சை நிறச் சதுர கனெக்டர் இருந்தால் அது ஃபைபர். எட்டு உலோக முனைகள் கொண்ட கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பின் இருந்தால் அது செம்புக் கம்பி. செம்புக் கம்பியே மோசம் என்பதில்லை, வேகம் வரும். ஆனால் படிக்கட்டு ஸ்விட்ச்சுக்குக் கரண்ட் போனால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் இணையம் இருக்காது. பக்கத்தில் இடி விழுந்தால் அந்தக் கம்பி வழியாக வரும் மின்னெழுச்சி ரவுட்டரை எரித்துவிடவும் கூடும்.

பின்னால் ஓடும் தொழில்நுட்பத்தையும், அதாவது ஒரு ஃபைபரைப் பல வீடுகள் எந்த முறையில் பகிர்கின்றன என்பதையும், ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். ஜிபான் என்றால் நிறுவனத்தின் பக்கம் இருக்கும் ஓஎல்டி கருவியின் ஒரு போர்ட்டிலிருந்து வீடுகளுக்கு இறங்குவது 2.488 ஜிபிபிஎஸ், வீடுகளிலிருந்து ஏறுவது 1.244. ஈபான் என்றால் இரு பக்கமும் நடைமுறையில் ஏறக்குறைய 1 ஜிபிபிஎஸ்தான். கருவிகள் மலிவு என்பதால் சிறு நிறுவனங்கள் பலவற்றுக்கு இது பிடிக்கும். எக்ஸ்ஜிஎஸ்-பான் என்றால் இரு பக்கமும் ஏறக்குறைய 10 ஜிபிபிஎஸ். இந்த அளவை ஒரு போர்ட்டில் தொங்கும் 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஈபான் போர்ட்டில் 32 வீடுகளை வைத்துக்கொண்டு ஒரு ஜிகாபிட் பிளானை விற்பவர், எல்லாரும் ஒரே நேரத்தில் எதையும் இறக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையைத்தான் விற்கிறார். பெரும்பாலும் அந்த நம்பிக்கை பலிக்கும் என்பதும் உண்மை. நெரிசல் பொதுவாக இந்த இடத்தில் வருவதில்லை. நிறுவனத்தின் ஓஎல்டி கருவியிலிருந்து வெளி உலகுக்குப் போகும் மேல் இணைப்பு சின்னதாக இருந்தால், இரவு எட்டு முதல் பதினொன்று வரை எல்லாரும் சேர்ந்து திணற வேண்டியதுதான். காலை பத்து மணிக்கு எடுத்த ஸ்பீட் டெஸ்ட்டுக்கு அதனால் மதிப்பே கிடையாது. ஏற்கெனவே இணைப்பு வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரிடம் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிபிஎம் என்னும் கணக்கு

ஜிபானில் பரவலாகப் பயன்படும் பி+ என்ற ஒளித் தர வகுப்பில் நிறுவனத்தின் ஓஎல்டி அனுப்பும் ஒளி பிளஸ் 1.5 முதல் பிளஸ் 5 டிபிஎம் வரை இருக்கும். வீட்டில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை படிக்கும். மைனஸ் 27 என்பது ஏறக்குறைய இரண்டு மைக்ரோவாட். அவ்வளவு மெல்லிய ஒளியைப் படிப்பதே பெரிய விஷயம். வழியில் எங்கே எவ்வளவு தொலைகிறது என்று பாருங்கள். ஒன்றுக்கு எட்டு ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் சுமார் 10.5 டெசிபல் தின்னும் (ஒளி இழப்பின் அலகு இது, டிபிஎம் எண்ணிலிருந்து நேரே கழியும்). இரண்டு அடுக்காக வைத்து 64 வீடுகளுக்குப் பிரித்தால் 21. நான்கு கிலோமீட்டர் ஃபைபருக்கு ஒன்று. நான்கு கனெக்டர்களுக்குத் தலா 0.3 வீதம் 1.2. நான்கு ஸ்ப்ளைஸுக்கு, அதாவது ஃபைபர் நுனிகளை உருக்கி ஒட்டிய இடங்களுக்கு, 0.4. மொத்தம் 23.6. பிளஸ் 3 அளவில் கிளம்பிய ஒளி வீட்டுக்கு வரும்போது மைனஸ் 20.6 ஆகியிருக்கும். நல்ல அளவு.

இப்போது இதே வழியில் சுமாராக முடுக்கிய ஒரு ஃபாஸ்ட் கனெக்டர் (நுனியை உருக்காமல் அழுத்திப் பிடிக்கும் வகை) 2 டெசிபலைத் தின்னட்டும், ஜன்னல் மூலையில் இறுக்கி மடித்த ஒரு வளைவு இன்னொரு 3. ஆக மைனஸ் 25.6. பெட்டி பச்சை விளக்கைத்தான் காட்டும், இணையமும் வரும், கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆள் கிளம்பிவிடுவார். கையிருப்பு ஒன்றரை டெசிபல்கூட இல்லை. மைனஸ் 15 முதல் மைனஸ் 23 வரை வந்தால் நிம்மதி. 24ஐத் தாண்டினால் எங்கே தொலைகிறது என்று தேடச் சொல்ல வேண்டும். 26 என்றால் கையெழுத்தே போடாதீர்கள். மறுபக்கமும் உண்டு: மைனஸ் 8க்கு மேல் ஒளி அதிகமாக வந்தாலும் பெட்டி திணறும், ஆனால் வீட்டு இணைப்புகளில் அது அரிது.

இந்த எண்ணைப் பார்க்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. ஓஎன்டியின் அமைப்புப் பக்கத்தில் 'ஆப்டிகல்' அல்லது 'பான்' என்ற தலைப்பின் கீழ் ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும். நிறுவனம் அந்தப் பக்கத்தைப் பூட்டியிருந்தால் வந்தவரிடம் பவர் மீட்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர், ஜிபானில் வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளமான 1490 நானோமீட்டரில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறான அலைநீளத்தில் வைத்தால் எண்ணும் தவறும். மீட்டரே கொண்டுவராமல் ஒருவர் வந்தால், அவருக்குத் தெரிந்த ஒரே சோதனை பச்சை விளக்குதான்.

இழுப்பதும் இணைப்பதும்

வீட்டுக்கு வரும் டிராப் கேபிள் தட்டையாக இருக்கும். நடுவில் ஃபைபர், இரு பக்கமும் பலத்துக்கு ஒரு கம்பி, வானில் இழுப்பதற்கென்றால் மேலே தாங்குகம்பி ஒன்று. அந்தக் கம்பிகள் இரும்பாகவும் இருக்கும், நார்க்கண்ணாடியாகவும் இருக்கும். மின்கம்பி போகும் பாதையிலோ மொட்டைமாடி உயரத்திலோ வருவது என்றால் உலோகம் இல்லாத கேபிளைக் கேட்டு வாங்குங்கள். ஒளியில் மின்சாரம் ஏறாது என்ற பெருமை, கூடவே இரும்புக் கம்பி வந்தால் போய்விடும். தாங்குகம்பியைச் சுவரில் கொக்கி போட்டுக் கட்ட வேண்டும். கேபிளின் பாரம் ஃபைபர் மீது விழக்கூடாது. மின்சாரக் கேபிளோடு டை போட்டுச் சேர்த்துக் கட்டினால் மறுபேச்சில்லாமல் அவிழ்க்கச் சொல்லுங்கள்.

சுவரில் துளை உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். சமமாகப் போட்டால் மழை நீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். துளைக்கு வெளியே கேபிள் ஒரு வளையமாகத் துளைக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். நீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும். பிறகு சிலிகான் பூச்சு. இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான்.

வளைவைப் பற்றி ஒரு சொல். சாதாரண ஜி.652 ஃபைபரை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக மடக்கக்கூடாது. வீடுகளுக்கென்றே வந்த ஜி.657 வகையில் ஏ1 என்றால் 10, ஏ2 என்றால் 7.5 வரை தாங்கும். எது என்று கேபிளின் மேலுறையிலேயே அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். அலைநீளம் கூடக் கூட வளைவில் தொலையும் ஒளியும் கூடும். இன்று ஜிபானில் சிக்கலில்லாமல் ஓடும் ஒரு மூலை, நாளை 1577 நானோமீட்டரில் ஓடும் எக்ஸ்ஜிஎஸ்-பானுக்கு மாறும்போது உறுத்தத் தொடங்குவது இதனால்தான். கதவிடுக்கிலும் ஜன்னல் சட்டத்திலும் நசுங்கவிடுவது எந்த வகை ஃபைபருக்கும் ஆகாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேபிள் நேராக ஓஎன்டிக்குப் போகக் கூடாது. சுவரில் ஒரு சின்னப் பெட்டி பொருத்தி, அதற்குள் ஒரு மீட்டர் உபரி ஃபைபரைச் சுற்றிவைத்து, அங்கே முனையை முடித்து, பெட்டியிலிருந்து ஓஎன்டிக்குத் தனியாக ஒரு பேட்ச் கார்டு (இரு நுனியிலும் கனெக்டர் உள்ள குட்டை ஃபைபர்) போட வேண்டும். நாற்காலி இடறினாலும் குழந்தை இழுத்தாலும் அறுவது மாற்றக்கூடிய பேட்ச் கார்டாக இருக்கும். சுவர்ப்பெட்டி இல்லாமல் டிராப் கேபிளின் நுனியிலேயே கனெக்டர் போட்டு நேரே செருகுவதுதான் சிறு நிறுவனங்களில் அதிகம் பார்க்கும் குறுக்குவழி. அதில் ஒரு இழுப்புக்குக் கனெக்டர் தளரும், உள்ளே மிச்சக் கேபிளும் இருக்காது.

முனையை முடிப்பதில் இரண்டு வழி. ஸ்ப்ளைஸிங் மெஷினில் இரு ஃபைபர் நுனிகளையும் மின்பொறியால் உருக்கி ஒட்டினால் இழப்பு 0.1 டெசிபலைத் தாண்டாது, ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். ஃபாஸ்ட் கனெக்டர் என்பது நுனியை வெட்டி உள்ளே செருகி ஜெல்லோடு அழுத்திப் பிடிக்கும் வகை. நன்றாகச் செய்தால் அரை டெசிபலுக்குள் முடியும். வெட்டும் கருவியின் பிளேடு தேய்ந்திருந்தால் இரண்டு, மூன்று என்று போகும். வெயிலிலும் குளிரிலும் மாறி மாறி நின்றால் ஜெல் காய்ந்து இன்னும் ஏறும். ஸ்ப்ளைஸ் செய்து தருவீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். கூடுதல் கட்டணம் சொன்னாலும் கொடுக்கலாம், இந்த வேலையில் அந்தக் காசு வீணாகாது.

நுனியைத் துடைக்காமல் செருகுவது அடுத்த குறை. ஃபைபரின் ஒளி ஓடும் மையம் ஒன்பது மைக்ரான்தான், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி அதை மறைத்துவிடும். ஆல்கஹால் தோய்த்த பஞ்சில்லாத துணியோ, கிளிக் செய்து துடைக்கும் பேனாவோ கையில் இருக்க வேண்டும். சட்டை நுனியில் துடைப்பதும் வாயால் ஊதுவதும் துடைக்காமலிருப்பதைவிட மோசம். பச்சை கனெக்டரை நீலக் கனெக்டரோடு சேர்ப்பதும் நடக்கிறது. பச்சையின் முகம் எட்டு டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தின் முகம் சாய்வற்றது. சேர்த்தால் நடுவே இடைவெளி விழுந்து பல டெசிபல் தொலையும், முகங்களும் கீறலாகும்.

ஒடிந்த இடம் எங்கே என்று பார்க்கச் சிவப்பு லேசர் பேனாவை வைத்து அடிப்பார்கள். இறுக்கி மடிந்த மூலையில் சிவப்பு வெளிச்சம் கசிவது தெளிவாகத் தெரியும். அந்தப் பேனாவின் நுனியை நேராகப் பார்க்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைபரின் நுனியை அதைவிடப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது.

விளக்கு எரிந்த பிறகு

ஓஎன்டியின் தொடர் எண்ணை நிறுவனத்தின் பக்கம் பதிந்தால்தான் இணைப்பு உயிர்பெறும். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளியே வரவில்லை. பான் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, பதிவு நடக்கவில்லை. பான் நிலையாக எரிந்தும் இணையம் இல்லையென்றால் விலான் எண்ணோ (நிறுவனம் தரும் அமைப்பு எண்) பயனர் பெயரோ தவறு. தொலைபேசியில் புகார் சொல்லும்போது "நெட் வரவில்லை" என்பதற்குப் பதில் இந்த மூன்றில் எது என்று சொன்னால் பாதி நேரம் மிச்சம். கடையில் வாங்கிய ஓஎன்டியை நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாட்டிப் பார்க்காதீர்கள். தன் முறைக்குக் காத்திராமல் ஒளி அனுப்பும் ஒரே ஒரு பெட்டி, அந்த ஸ்ப்ளிட்டரில் இருக்கும் எல்லா வீடுகளின் இணைப்பையும் கெடுக்கும். தெருவே திடீரென்று செத்துப்போகும் மர்மங்களில் சில இப்படித்தான்.

வேகத்தை ஈதர்நெட் கேபிளில்தான் சோதிக்க வேண்டும். ஜிகாபிட் பிளானில் 940க்குப் பக்கத்தில் வந்தால் முழு அளவு வந்துவிட்டது. மீதி தரவுத் தலைப்புகளுக்குப் போகிறது, யாரும் திருடவில்லை. 94இலேயே நின்றுவிட்டால் குற்றம் ஃபைபரில் இல்லை. கேபிளில் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று விட்டுப்போய், போர்ட் 100க்கு இறங்கியிருக்கிறது. கேபிளை மாற்றினால் தீரும். இந்த ஒரு பழுதுக்காக எத்தனை ஓஎன்டிகள் வீணாக மாற்றப்படுகின்றனவோ!

சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கினால் எம்டியூ அளவை, அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவை, ரவுட்டரில் பாருங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ இணைப்பில் அது 1492 இருக்க வேண்டும்.

நிறுவனம் தரும் ரவுட்டர் பெரும்பாலும் வைஃபையோடு சேர்ந்த மலிவான ஓஎன்டியாக இருக்கும். இரண்டு படுக்கையறைக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு அது போதாது. ஓஎன்டி ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பைக் கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜ் முறையில் மாற்றித் தருவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிட்டு, சொந்த ரவுட்டரைப் பின்னால் வையுங்கள். மாற்றாமல் வைத்தால் இரட்டை நாட் ஆகும், அதாவது இரண்டு பெட்டிகளும் தனித்தனியே ஐபி முகவரியை மாற்றும். அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றாகவே இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

சிறு நிறுவனங்களிடம் ஐபி முகவரிகள் குறைவு. பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைப்பார்கள், இதுதான் சிஜிநாட். ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64இல் தொடங்கி 100.127 வரை உள்ள வரிசையில் இருந்தால் நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். இந்த வரிசையை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். படம் பார்ப்பவருக்கும் வீடியோ அழைப்பில் பேசுபவருக்கும் இது தெரியவே தெரியாது. வெளியிலிருந்து வீட்டு கேமராவை நேரடியாகத் திறப்பவர், வீட்டில் சர்வர் வைப்பவர், வீட்டுக்கு விபிஎன் போடுபவர் ஆகியோருக்குக் கதவு அடைத்ததுபோல் ஆகிவிடும். நிலையான பொது முகவரி தருவார்களா, முகவரித் தட்டுப்பாடு இல்லாத புதிய முறையான ஐபிவி6 உண்டா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். ஐபிவி6 இருந்தால் பாதி வலி குறையும்.

பழுதும் ஒப்பந்தமும்

கேபிள் அறுந்தால் சிறு நிறுவனம் பெரியதைவிட வேகமாக வரலாம், ஏனென்றால் இழுத்தவரே வருவார். வராமலும் போகலாம், ஏனென்றால் அவர் ஒருவர்தான் இருப்பார். ஸ்ப்ளைஸிங் மெஷின் சொந்தமா வாடகையா, ஞாயிற்றுக்கிழமை ஆள் உண்டா, ஓஎல்டிக்குப் பேட்டரி எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் பெரும்பாலும் 12 வோல்ட் போதும். கைக்கடக்கமான டிசி யுபிஎஸ் ஒன்று சில மணி நேரம் தாங்கும். ஆனால் தெருமுனைக் கருவி அணைந்துவிட்டால் அதனால் பயனில்லை. கரண்ட் போகும் கடைசி நொடியில் ஓஎன்டி "நான் அணைகிறேன்" என்ற ஒரு செய்தியை அனுப்பிவிட்டுத்தான் அணையும். ஆகவே கேபிள் அறுந்ததா, கரண்ட் போனதா என்பதை நிறுவனம் தன் திரையிலேயே பார்க்க முடியும். "வந்துதான் பார்க்க வேண்டும்" என்று சொல்பவர் அந்தத் திரையைத் திறப்பதில்லை என்று பொருள்.

ஒப்பந்தத்தில் டிராப் கேபிள் எத்தனை மீட்டர் வரை இலவசம், ஓஎன்டி யாருடையது, விலகும்போது எதைத் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் போதும்.

வீட்டிலிருந்தே வேலை செய்பவர், ஒரு நாள் இணைப்பு இல்லையென்றால் வருமானம் போகும் என்பவர், இதை ஒற்றை இணைப்பாக வைக்க வேண்டாம். மொபைல் இணைப்பு ஒன்று பின்னணியில் இருக்கட்டும். மற்றவர்களுக்கு, ஸ்ப்ளைஸ் செய்து, சுவர்ப்பெட்டி வைத்து, மீட்டரைக் காட்டிவிட்டுப் போகும் ஒரு சிறு நிறுவனம் கிடைத்தால் பெரிய பெயரைத் தேட வேண்டியதில்லை. பழைய இணைப்பை உடனே துண்டிக்காமல் இரண்டு வாரம் சேர்த்தே ஓட்டுங்கள். அதற்குள் ஒரு மழையும் சில நெரிசலான இரவுகளும் வந்துபோகும். பழைய செம்பு இணைப்பில் தரைவழித் தொலைபேசியோ திருட்டு அலாரமோ ஓடினால், அது ஓஎன்டியின் தொலைபேசி போர்ட்டுக்கு மாறிய பிறகு கரண்ட் போனால் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் நாள் அளந்த டிபிஎம் எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஓஎன்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை சிவப்பு விளக்கு மின்னும்போது வருபவர் முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.